சிவப்புப் பூ வந்த கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் பாலுசாமி கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபமே வராத மனிதரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்பது நடத்தியவர்களுக்குத்தான் தெரியும். ஒரு குடும்பத்துக்கு எப்படியும் கொஞ்சம் கோபம் தேவைப்படுகிறது. எங்கள் வீட்டில் அது முழுவதையும் நான் ஒருத்தியே பட்டு முடிக்க வேண்டியிருந்தது.

பெருந்துறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு சின்னக் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பார். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை லேசுப்பட்ட சமாச்சாரம் அல்ல. தாய்மாமன் பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே வந்துவிட்டால் சீர் கொண்டு வர ஆள் இருக்காது. ஒரு பெயர் விட்டே போய்விட்டால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். பத்திரிகை அடிக்கிறவன் கையில் அத்தனை குடும்பங்களின் சமாதானமும் இருக்கிறது. அதைத் தூக்கி இவர் எப்படிப்பட்ட கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்திருந்தார் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு முன் அவருடைய ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். எதைத் தொடங்கினாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்பார். எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லோரும் கேட்பதுதான். கிணறு வெட்டக் கேட்பார்கள், பெண் எடுக்கக் கேட்பார்கள், பங்காளி மேல் கேஸ் போடக்கூடக் கேட்பார்கள். பூசாரி ஒரு வெள்ளை அரளியையும் ஒரு செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார். மனதில் காரியத்தை நினைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். மீதிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்ப்பது அம்மனைச் சந்தேகப்படுவது.

கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று பூக் கேட்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். முதல் தடவை கேட்கப் போனபோது பூசாரி, "அது என்னங்க சாமானு?" என்று விசாரித்திருக்கிறார். "டிவி மாதிரிங்க. ஆனா சொன்ன பேச்சுக் கேக்குமுங்க" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். அம்மன் சன்னிதியில் நின்று இவர் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைப் பூ வந்தது. திருப்பூரில் மூடிப்போன ஒரு பனியன் கம்பெனியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். கறுப்புத் திரை, அதில் மஞ்சளாக எழுத்து. தகரப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். அதனால் காலுக்கடியில் ஒரு மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்துதான் வேலை செய்வார். பக்கத்து மாவு மில்லில் மோட்டாரைப் போட்டால் இது நின்றுவிடும். மதிய வெயிலில் நின்றுவிடும். யாராவது அவசரம் என்று சொன்னாலும் நின்றுவிடும். அதை அவர் மரியாதை குறையாமல்தான் நடத்துவார். "ஏனுங்க, கொஞ்சம் மனசு வைங்க" என்று சொல்லிவிட்டு இடது பக்கம் ஒரு தட்டுத் தட்டுவார். பெற்ற அப்பனிடம்கூட இவ்வளவு பணிவாகப் பேசி நான் பார்த்ததில்லை.

நான் அதை முதலில் பார்த்தது என் அக்காவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போனபோது. எங்களுக்குச் சென்னிமலைப் பக்கம். அப்பாவும் நானும் வந்திருந்தோம். அக்காவுக்குப் பார்த்திருந்தது ஈங்கூர் மாப்பிள்ளை. அந்தக் கம்ப்யூட்டர் அதற்கு முன்னால் அடித்த பத்திரிகையை மறக்க முடியாமல், அதிலிருந்த காங்கேயத்து மாப்பிள்ளையின் பெயரைப் போட்டுக் கொடுத்தது. இவர் திருத்தினார். மறுபடியும் காங்கேயத்து மாப்பிள்ளை. மூன்றாவது தடவை நின்றே போய்விட்டது. (பின்னாளில் ஒரு சண்டையில், அந்தக் காங்கேயத்துக்காரனையே கட்டியிருக்கலாம் என்று அக்கா சொன்னாள். அது வேறு கதை.)

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, இந்தக் கெரகத்தைத் தூக்கிக் கெணத்துல போட்டுப்போட்டு ஒரு டைப் மிசினு வாங்கக் கூடாதுங்களா?" என்று கேட்டேன். அப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அதே நேரம் அந்தப் பெட்டி கீச்சென்று ஒரு சத்தம் போட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. இவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிரிண்டர் பாதிப் பக்கத்தில் மறுபடியும் நின்றதும், "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த மாதமே அவருடைய அப்பா எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார். "அம்மன்கிட்டப் பூக் கேட்டாச்சுங்க. வெள்ளைதான் வந்துச்சு. இனி உங்க இஷ்டமுங்க" என்றார். அம்மனே வெள்ளை கொடுத்த பிறகு எங்கள் இஷ்டத்துக்கு என்ன இருக்கிறது என்று என் அப்பா உடனே தாம்பூலம் மாற்றிக்கொண்டார். அந்த நன்றிக்காக, ஒவ்வொரு வருஷமும் கல்யாண நாளன்று அம்மனுக்கு வெள்ளை அரளி மாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். ஒரு வருஷமும் தவறியதில்லை. மாலையைச் சொல்லிவைத்துக் கட்டி வாங்கி வருவது அவர் வேலை. முதலில் மொபெட்டில் கூட்டிப் போனார், பிறகு ஸ்கூட்டரில், இப்போது காரில்.

நான் வந்த பிறகாவது அந்தக் கம்ப்யூட்டர் திருந்தியதா என்றால் இல்லை. ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்து, சந்தனம் வைத்து, பொட்டிட்டு, பொரி கடலை படைத்துக் கும்பிடுவோம். பூஜை போட்ட சாமானை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பதால் யாரும் அதைப் போட மாட்டோம். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அது ஒரு தப்பும் செய்ததில்லை. கடைசியில் ஒரு ஆடி மாதம் புகைந்து அடங்கியது. இவர் அதைத் துணியில் சுற்றிக் கடைப் பரண் மேல் ஏற்றினார். குப்பையில் போடுங்கள் என்றேன். "அம்மன் குடுத்ததை எப்படி அம்மணி போடறது?" என்றார்.

அடுத்த கம்ப்யூட்டருக்குச் சிவப்புப் பூ வந்தது.

கோவையில் காந்திபுரத்தில் முகமது யூசுப் என்று ஒரு பாய். பாகங்களை வாங்கித் தன் கையாலேயே மாட்டிக் கொடுப்பார். அவரிடம் சொல்லிவிட்டு வந்து அதன்பிறகு இவர் பூக் கேட்கப் போயிருக்கிறார். சிவப்பு. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். ரசத்துக்கு வரும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

"செரி, உட்டுப்போடுங்க. வேற எடத்துல பாக்கலாம்" என்றேன்.

"பாய் எல்லாத்தையும் மாட்டி முடிச்சுட்டாரு அம்மணி. இப்பப் போயி வேண்டாங்கறது மரியாதையில்ல."

"அப்ப அம்மன் சொன்னது?"

"அம்மன் நம்ம சொந்தம். கோவிச்சுக்காது. பாய் வெளியாளு."

எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை எதுவரைக்கும் போகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது. சாமி பேச்சைத் தட்டி ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் வந்தது. அது எப்போது கெடும் என்று நான் காத்திருந்தேன். கெட்டால் சொல்வதற்கு வாக்கியங்கள்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அது கெடவில்லை. ஒரு சித்திரை மழையில் இடி விழுந்து வீட்டு டிவி போயிற்று, தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் போயிற்று, பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் போயிற்று. ராத்திரி வேலைக்காக வீட்டுக்குக் கொண்டு வந்திருந்த இது ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து மாமன்மார் பெயரை அடித்தது. பெட்டிக்குள் எலி குட்டி போட்டது. குட்டிகளை எடுத்து வெளியே விட்டுவிட்டுப் போட்டால் ஓடியது. விஜயமங்கலத்தில் ஸ்கூட்டரிலிருந்து உருண்டு விழுந்து ஒரு மூலை நசுங்கியது. அப்போதும் ஓடியது. நாள் பூராவும் கரண்ட் போய்ப் போய் வந்த அந்த வருஷங்களில், ஊரில் பாதிக் கம்ப்யூட்டர்கள் ரிப்பேர்க் கடையில் படுத்திருந்தபோதும் இது படுக்கவில்லை. பழையதை ஏனுங்க என்று கூப்பிட்டவர் இதைக் கண்ணு என்று கூப்பிட்டார். எங்கள் மகள் லோகப்பிரியா அவர் மடியில் உட்கார்ந்து இதில்தான் படம் வரைந்து பழகினாள். பள்ளிக்கூடம் போய், முடித்து, காலேஜும் சேர்ந்தாள். என் வாக்கியங்கள் எல்லாம் வீணாய்ப் போயின. புதிய புரோகிராம்கள் எதையும் அதில் ஏற்ற முடியாமல் போனபோதுதான் அது ஓய்வு பெற்றது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பரண் ஏறிய கம்ப்யூட்டர் அது.

மூன்றாவதாக லேப்டாப் வாங்கப் பூக் கேட்டார். வெள்ளை வந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால் பேட்டரி பணியாரம் மாதிரி உப்பி, மூடி மூடாமல் போய்விட்டது.

இப்படிப் பார்த்தால் அம்மன் சொன்னதெல்லாம் தலைகீழாக நடந்ததுபோல் தெரியும். அப்படிச் சொல்வதற்கு எனக்கு வாய் வராது. நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். எங்கள் அம்மனுக்கு மழை தெரியும், அம்மை தெரியும், கல்யாணம் தெரியும். கம்ப்யூட்டர் தெரியாது. தெரியாததைக் கேட்டால் தெரியாத மாதிரிதான் பதில் வரும். கல்யாண விஷயத்தில் அவள் வாக்கு பிசகியதே இல்லை. அதற்கு எங்கள் கல்யாணமே சாட்சி. இதை நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். இவரும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

இப்போது மகள் லோகுவின் கல்யாணத்துக்கு வருகிறேன். கோவையில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பையன் சபரீஷ். அவிநாசிக்காரன். அவன் அப்பா மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய் வீட்டில் சொன்னார்கள். நம்ம ஆளுங்கதான், கூட்டமும் வேறு என்பதால் பங்காளி முறை வராது, ஜாதகமும் பொருந்தியது. பையன் வீட்டுக்கு வந்து நான் கேட்காமலேயே சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போனான். எனக்கும் பிடித்துவிட்டது. அவன் அம்மா போகும்போது, "உங்க குலதெய்வத்துக்கிட்டப் பூ மட்டும் கேட்டுச் சொல்லிப்போடுங்க அக்கா. வெள்ளிக்கெழம சாயங்காலம் நானே கூப்பிடறேன்" என்றாள்.

சிவப்பு வந்தால் என்ன செய்வாய் என்று லோகுவிடம் கேட்டேன்.

"நீங்க வேண்டாம்னா நான் ஓடியெல்லாம் போக மாட்டேனுங்கம்மா. ஆனா வேற யாரையும் காட்டாதீங்க. நான் இப்படியே இருந்துக்கறேன்" என்றாள்.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அப்பாவைப் போலவே கோபமில்லாமல் சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேர் மட்டும் கோயிலுக்குப் போனோம். என் கையாலேயே பொட்டலத்தை எடுத்தேன். பிரித்தேன். செவ்வரளி, அன்றைக்குக் காலையில் பறித்தது, ஒரு இதழ்கூட வாடவில்லை. பூசாரி வேறு பக்கம் பார்த்தார். இவர் மீதிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டுவிட்டு வந்தார்.

காரில் வரும்போது நான் முடிவு செய்துவிட்டேன். சபரீஷின் அம்மா கூப்பிட்டால் முறையாகச் சொல்லிவிடுவது, அதன்பிறகு மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பார்ப்பது. பெருந்துறை வந்ததும் இவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடை முன்னால் நிறுத்தினார்.

"செத்த நேரம் வா அம்மணி" என்றார்.

கடையைத் திறந்து, ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து அந்த மூலை நசுங்கிய பெட்டியை இறக்கினார். துடைத்தார். ஒவ்வொரு ஒயராக மாட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. பெற்ற மகள் வாழ்க்கை சிக்கி நிற்கிறது, இந்த மனிதர் ஒயர் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"வா கண்ணு" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டார்.

உள்ளே காற்றாடி இருமிக்கொண்டு சுற்றியது. தேதி சரியில்லை என்று திரையில் ஒரு புகார் வந்தது. இவர் ஒரு பட்டனை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க லோகு சின்ன வயதில் வரைந்த படம் வந்து நின்றது. ஒரு வீடு, ஒரு தென்னை மரம், மூன்று பேர். அப்பாவுக்கு மீசை. எனக்கு முகத்தைவிடப் பெரிதாக வாய்.

"செவப்புப் பூ வந்ததுதான இது?" என்றார்.

"கம்ப்யூட்டரும் கல்யாணமும் ஒண்ணுங்களா? அம்மனுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்னங்க தெரியும்? கல்யாணத்துல அது சொல்லி எது பொய்யாப் போயிருக்குது? ஏனுங்க, நமக்கு வெள்ளை குடுத்துச்சு, முப்பது வருசம் ஒரு கொறையுமில்லாம இருக்கறோம். அதே அம்மன்தானுங்க இப்பச் செவப்புக் குடுத்திருக்குது. அதை எப்படித் தட்டறது?"

அவர் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பட்டனாகத் துடைத்தார். கடைசி வரிசைக்கு வந்ததும் துணியை மடித்து வைத்தார்.

"நமக்கும் செவப்புத்தான் அம்மணி வந்துச்சு."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்கொப்பா வெள்ளைன்னு சொன்னாருங்களே."

"அப்பா அந்நேரம் கெணத்துக்கிட்டக் காலு கழுவீட்டிருந்தாரு. பூசாரி அடுத்த ஆளைப் பாத்துட்டிருந்தாரு. நாந்தான் பிரிச்சேன். மடிச்சுப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வெள்ளைன்னு சொல்லிப்போட்டேன்."

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"உன்னைய எனக்குப் புடிச்சுப்போச்சு" என்றார். "இந்தக் கடையில நின்னு அந்தக் கம்ப்யூட்டரைக் கெணத்துல போடச் சொல்லி வஞ்சியே, அன்னைக்கே."

முப்பது வருஷத்தில் இப்படி ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அழுது முடிப்பதற்குள் அந்த மாலை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

"வருசா வருசம் வெள்ளை அரளி மாலை சாத்துனனே. நீங்கதான வாங்கீட்டு வந்து குடுத்தீங்க?"

"ஆமா."

"ஒரு வருசமாவது சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"மாலை அம்மனுக்கு நல்லா இருந்துச்சு அம்மணி."

அதன்பிறகு நான் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து செல்போன் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஏமாற்றுக்காரர் என்றேன். அம்மன் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்றேன். ஊரெல்லாம் போய்ச் சாட்சி சொன்னேனே, பக்கத்தில் நின்று தலையாட்டினீர்களே என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் ஆமா என்றார். நான் கத்தி முடிக்கிறவரை கம்ப்யூட்டரும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது என் போன் அடித்தது. சபரீஷின் அம்மா. இவர் போனை வாங்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இவரிடம் கொடுத்தால் வெள்ளை என்று சொல்லிவிடுவார், இவருக்குத்தான் பழக்கம் இருக்கிறதே. எனக்குப் பொய் சொல்ல வராது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"ஏனுங்க அக்கா, கோயிலுக்குப் போயிட்டு வந்தாச்சுங்களா? பூ என்னங்க வந்துச்சு?"

திரையில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மீசைக்காரர் இந்தப் பக்கம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க குடும்பத்துக்கு எப்பவும் வர்ற பூத்தானுங்க வந்திருக்குது" என்றேன். "நீங்க முகூர்த்தத்துக்கு நாள் பாருங்க."